கம்பஸ் அணியா, சம்பள அணியா: வன்னியில் இருந்துகொண்டு பெண்கள் கூடைப்பந்து பார்க்கத் தொடங்குவது எப்படி

ஸ்காபரோவில் இருக்கும் மச்சாள் ரொறன்ரோ டெம்போவின் ரீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டதில்தான் சோலி தொடங்கியது. கனடாவுக்கு முதன்முதலாக ஒரு டபிள்யு.என்.பி.ஏ (அமெரிக்காவின் பெண்கள் சம்பளக் கூடைப்பந்து லீக்) அணி, 2026 இல் இருந்து ஆட்டம் என்று அவளுக்கு ஒரே புழுகம். படத்துக்குக் கீழே, அமெரிக்காவில் படிக்கிற அவளின் தம்பி, "சம்பளத்துக்கு விளையாடுறதெல்லாம் ஒரு விளையாட்டா அக்கா, மார்ச்சில கம்பஸ் மட்ச் பாருங்கோ, அதுதான் விளையாட்டு" என்று எழுதிவிட்டான். பிறகு இரண்டு நாளாகக் குழுவில் வேறு கதையில்லை. கிளிநொச்சியில் பிளேன்ரீயும் கையுமாக இருந்த எனக்கு இரண்டு பேர் சொன்னதிலும் பாதி விளங்கவில்லை. ஆனால் குடும்பச் சண்டையில் ஒரு பக்கமும் நிற்காமல் இருப்பது எங்கள் வழக்கம் இல்லையே, அதனால் பார்க்கத் தொடங்கினேன்.

பள்ளிக்கூடத்தில் நான் வலைப்பந்தாட்டம் விளையாடினவள். கோல் டிபென்ஸ். வலயமட்டத்தில் வென்று, மாகாணமட்டத்துக்கு வான் பிடித்துப் போய், முதல் ஆட்டத்திலேயே தோற்று, வழியில் ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வந்த அணி. இந்தக் குறிப்பு என்னைப் போன்ற ஆக்களுக்கு: விளையாடினவர்களுக்கு, அல்லது விளையாடுகிற பிள்ளைக்காக வெயிலில் மைதான வேலியோடு நின்றவர்களுக்கு. கூடைப்பந்தில் ஏற்கனவே ஊறினவர்கள் நேரம் டேட்டா பற்றிய பகுதிக்குப் போகலாம்.

முதலில் சொல்லும் பருவமும்

எங்களுக்குக் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். மத்திய கல்லூரி, இந்துக் கல்லூரி, மகளிர் கல்லூரி. அமெரிக்கர்கள் காலேஜ் என்பது நாங்கள் கம்பஸ் என்கிற பல்கலைக்கழகத்தை, அதனால் நான் கம்பஸ் என்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாடுவதாக நினைத்துவிடுவீர்கள். கம்பஸ் போட்டிகளை நடத்துவது என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான அதன் தேசியத் தொடர் 1982 இல் தொடங்கியது, முதற்பிரிவில் மட்டும் 350க்கு மேற்பட்ட அணிகள். சம்பள லீக் டபிள்யு.என்.பி.ஏ, 1997 ஜூனில் 8 அணிகளோடு தொடங்கி 2025 இல் 13 அணிக்கு வந்து நின்றது.

எது எப்போது என்று குழம்பினால் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பஸ் ஆட்டம் காலபோகம். நவம்பரில் விதைப்பு முடிந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தொடங்கும், அரிவு வெட்டி நெல்லைக் காயவிட்டு மூட்டை கட்டின பிறகு ஏப்ரல் முதல் வாரத்தில் இறுதிப் போட்டி. லீக் சிறுபோகம். மே மாதம், வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஆயத்தம் நடக்கிற நேரத்தில் தொடங்கி, குளம் வற்றி, ஒக்டோபரில் முதல் மழைக்குக் கிட்டவாக முடியும். இரண்டையும் பார்க்கிறவருக்கு ஆண்டு முழுக்க ஆட்டம் இருக்கும். ஒன்றை மட்டும் பார்ப்பேன் என்று அடம்பிடிக்கிறவர் ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டியதுதான்.

கம்பஸுக்கு ஏன் இவ்வளவு கூட்டம்

இதை விளங்கிக்கொள்ளாமல் ஆட்டத்தைப் பார்த்தால் பாதிதான் விளங்கும், அதனால் கொஞ்சம் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

2024 ஏப்ரல் 7 ஆம் திகதி தென் கரோலினாக் கம்பஸ் அயோவாக் கம்பஸை 87–75 என்று வென்ற கம்பஸ் இறுதிப் போட்டியை அமெரிக்காவில் சராசரியாக 1 கோடி 89 இலட்சம் பேர் ரீவியில் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்களின் கம்பஸ் இறுதிக்கு வந்ததைவிட அது கூட. அதே ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க் லிபர்ட்டி முதன்முறையாகக் கிண்ணம் தூக்கின லீக் இறுதித் தொடரைப் பார்த்தவர்கள் சராசரியாக 16 இலட்சம் பேர், அதுவும் 25 வருடத்தில் இல்லாத தொகை என்று கொண்டாடினார்கள். லீக்கில் விளையாடுகிறவர்களில் பெரும்பாலானோர் இதே கம்பஸ்களில் இருந்து பொறுக்கி எடுத்த ஆக்கள், லீக்கில் கடைசியாக வருகிற அணிகூட ஒரு நல்ல கம்பஸ் அணியைத் தூக்கி எறிந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆட்டத்தின் தரம்தான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக இருக்க வேண்டும்.

மார்ச் மாதம் யாழ்ப்பாணம் போனால் விடை கிடைக்கும். சென் ஜோன்ஸ் கல்லூரியும் யாழ் மத்திய கல்லூரியும் மோதுகிற வடக்கின் பெரும் போருக்கு லண்டனில் இருந்தும் சிட்னியில் இருந்தும் லீவு எடுத்துக்கொண்டு வருகிறார்களே, துடுப்பாட்டத்தின் தரத்தைப் பார்க்கவா வருகிறார்கள்? பாண்ட் வாத்தியத்துக்கு ஆடிக்கொண்டு, அரைவாசிப் பேர் ஆடுகளத்தைப் பார்க்காமலே, தன் பச் ஆக்களைக் கட்டிப்பிடிக்க வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் இலங்கையின் முதற்தரக் கழகத் துடுப்பாட்டத்தில் இந்த வருடம் யார் வென்றது என்று தெரியாது. அயோவாக்காரனும் அதே ஆள்தான், அவன் பெரும் போர் ஒன்றை வாராவாரம் வைத்திருக்கிறான்.

வன்னி ஆக்களுக்கு இதற்குள் இன்னொன்றும் விளங்கும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பள்ளிக்கூடங்களும் எங்களோடு இடம்பெயர்ந்தன, மரத்துக்குக் கீழும் கொட்டிலிலும் நடந்தன, ஒரே கட்டடத்தில் காலையில் ஒன்றும் பின்னேரம் இன்னொன்றும் நடந்தன. ஆனால் பெயர் மாறவில்லை. எந்த ஊரில் இருந்தாலும் இடாப்பில் அதே பள்ளிக்கூடப் பெயர், வெள்ளைச் சட்டையில் அதே ரை. ஊர் கைவிட்டுப் போனாலும் பள்ளிக்கூடம் போகாது என்று எங்களுக்குள் எங்கேயோ பதிந்து கிடக்கிறது. கம்பஸ் ரசிகர் ஏன் அப்படி ஒட்டிக்கொள்கிறார் என்று நான் ஒருவரிடமும் கேட்க வேண்டி இருக்கவில்லை.

சம்பள அணிகள் அப்படி இல்லை. அமெரிக்காவில் பெண்களுக்கான முதல் சம்பள லீக் 1978 இல் தொடங்கி மூன்று பருவத்தோடு படுத்துவிட்டது. 1996 இல் வந்த ஏ.பி.எல் என்ற லீக் 1998 டிசம்பரில், ஒரு பருவத்தின் நடுவிலேயே, மூடிவிட்டது. டபிள்யு.என்.பி.ஏ நின்று பிடித்தது, ஆனால் அதன் முதல் நான்கு கிண்ணங்களையும் தொடர்ச்சியாக வென்ற ஹூஸ்டன் கொமெற்ஸ் 2008 இல் காணாமல் போனது. நான்கு கிண்ணம் வென்ற அணி! டெற்றோயிற்றில் மூன்று கிண்ணம் வென்ற அணியைத் துல்சாவுக்கு இழுத்து, பிறகு டல்லஸுக்கு இழுத்துப் பெயரையும் மாற்றினார்கள். யூட்டாவில் தொடங்கியது சான் அன்ரோனியோவுக்குப் போய், அங்கிருந்து லாஸ் வேகாஸுக்குப் போய், இப்போது ஏசஸ் என்ற பெயரில் 2022, 2023, 2025 என்று கிண்ணங்களை அள்ளுகிறது. யூட்டாவில் முதல் நாள் கைதட்டினவர் இப்போது யாருக்குக் கைதட்டுவது? லீக்கை நம்பாதவர்களைக் குறை சொல்லமுதல் இதை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். நான் மச்சாளின் பக்கம்தான், ஆனாலும் இது நியாயமான பயம்.

அயோவாவுக்கு இன்னொரு கதையும் உண்டு, வலைப்பந்துக்காரருக்கு இது பிடிக்கும். அந்த மாநிலத்துப் பள்ளிக்கூடப் பெண்கள் 1993 வரைக்கும் ஆறு பேர் கூடைப்பந்து விளையாடினார்கள். மூன்று பேர் ஒரு பாதியில் எறிவதற்கு மட்டும், மூன்று பேர் மற்றப் பாதியில் தடுப்பதற்கு மட்டும், நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது, பந்தை இரண்டு தட்டுக்குமேல் தட்டக்கூடாது. எங்கள் கோல் சூட்டரும் கோல் கீப்பரும் மாதிரியே இருக்கிறது, இல்லையா? வலைப்பந்தும் கூடைப்பந்தில் இருந்து பிரிந்த தங்கச்சிதான். அந்த ஆறுபேர் ஆட்டத்துக்கு ஊரே திரண்டு போகும். ஆகவே கெயிட்லின் கிளார்க் என்ற பிள்ளை வந்துதான் அயோவாவில் பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வந்தது என்று யாராவது சொன்னால், கூட்டம் பாட்டிமார் காலத்திலேயே இருந்தது என்று சொல்லுங்கள். அவள் அதை மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோனாள், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்றும் சொல்லமுடியாது. அயோவாக் கம்பஸுக்கு அவள் எடுத்தது 3,951 புள்ளி, ஆண்களையும் சேர்த்து முதற்பிரிவு வரலாற்றில் அதுதான் கூட. 2023 ஒக்டோபரில் அமெரிக்க உதைபந்து மைதானம் ஒன்றின் நடுவில் பலகை போட்டு அவளின் அணி விளையாடின காட்சி ஆட்டத்தைப் பார்க்க 55,646 பேர் போனார்கள்.

மற்றது நான்கு வருடக் கணக்கு. ஆண்களில் கெட்டிக்காரர் கம்பஸில் ஒரு வருடம் தலைகாட்டிவிட்டு ஆண்களின் சம்பள லீக்கான என்.பி.ஏ போய்விடுவார்கள். பெண்களுக்கு லீக்கின் விதியே வேறு, அமெரிக்கப் பிள்ளை என்றால் படிப்பை முடித்திருக்க வேண்டும் அல்லது அந்த வருடத்தில் 22 வயது ஆகவேண்டும். அதனால் பதினெட்டு வயதில் பந்தைத் தவறவிட்டு அழுத பிள்ளை இருபத்திரண்டு வயதில் அணியைத் தோளில் தூக்குவது வரைக்கும் பார்க்கலாம். நாலு வருடம் வடிவாகப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவாள்தானே. இப்போது கம்பஸ் விட்டுக் கம்பஸ் மாறுவது சுலபமாகிவிட்டதால் இதுவும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது என்பது வேறு கதை.

வலைப்பந்துக் கண்ணை எப்படித் திருப்புவது

வளையம் எங்களுக்குப் பழகின உயரம்தான், இரண்டிலும் 10 அடி. பலகை புதிது. அதனால் முதல் கிழமை எறிகிறவரைப் பார்க்காதீர்கள், பார்த்தால் "பலகையில் அடித்துப் போடுகிறாளே, இது என்ன பெரிய விசயம்" என்று தோன்றும். எனக்குத் தோன்றியது. தடுக்கிறவரைப் பாருங்கள். வலைப்பந்தில் பந்து வைத்திருக்கிறவளுக்கு மூன்றடி விட்டுத்தான் நிற்கவேண்டும், இங்கே மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில் நிற்கிறார்கள், நெஞ்சோடு நெஞ்சு முட்டுகிறார்கள், நடுவர் பேசாமல் ஓடுகிறார். ஒரு கோல் டிபென்ஸ்காரிக்கு அதைப் பார்க்கிறபோது வரும் பொறாமையைச் சொல்லி முடியாது.

அந்த முட்டலில்தான் கம்பஸுக்கும் லீக்குக்கும் உள்ள வித்தியாசம் முதலில் தெரியும். லீக்கில் உடம்பு பலமான, முப்பது வயது கடந்த பெண்கள் இருக்கிறார்கள், பத்து வருடமாக அதையே தொழிலாகச் செய்கிறவர்கள். கம்பஸில் வழுக்கிக்கொண்டு போன பிள்ளை லீக்கில் அவர்கள் தோளில் மோதி நிற்பாள். 2024 இல் லீக்குக்கு வந்த கிளார்க்கின் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது, பந்து கை நழுவிக்கொண்டே இருந்தது. பிறகு அதே பருவத்தில் ஓர் ஆட்டத்தில் 19 கோல்களுக்குப் பந்து கொடுத்து லீக் சாதனை வைத்தாள்.

விதிகளில் நீங்கள் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். இரண்டிலும் பத்து நிமிடப்படி நான்கு பகுதி. லீக்கில் பந்து கைக்கு வந்து 24 செக்கனுக்குள் எறியவேண்டும், கம்பஸில் 30. லீக்கில் ஆறு பவுலுக்கு வெளியே, கம்பஸில் ஐந்துக்கு. கேட்க ஆறு செக்கன் சின்ன விசயம் மாதிரித்தான், ஆனால் கம்பஸ் அணிகள் அந்த ஆறு செக்கனுக்குள் பந்தைச் சுற்றிச் சுற்றி அனுப்பி ஓட்டையைத் தேடும், லீக்கில் அதற்கு நேரமில்லை, இரண்டு பேர் சேர்ந்து ஒரு மறைப்புப் போட்டு உடனே வேலையை முடிப்பார்கள். அடுத்தது, லீக்கில் தடுக்கிற அணியின் ஆள் யாரையும் காக்காமல் வளையத்துக்குக் கீழே மூன்று செக்கனுக்கு மேல் குந்தியிருக்கக்கூடாது. கம்பஸில் இருக்கலாம். வலைப்பந்தில் கோல் கீப்பர் வட்டத்துக்குள் காவல் நிற்பதைப் பார்த்துப் பழகின எங்களுக்குக் கம்பஸ் ஆட்டம் முதலில் சுகமாக விளங்குவது இதனால்தான், இடத்தைக் காக்கிற ஆட்டம் அங்கே கூட. ஆகவே கம்பஸில் தொடங்கி லீக்குக்குப் போங்கள். மறுவளமாகப் போனால் தலை சுற்றும்.

நேரமும் டேட்டாவும்

நியூயோர்க் பின்னேரம் 7 மணி எங்களுக்கு விடிய 4.30. இது மார்ச் நடுப்பகுதியில் இருந்து நவம்பர் தொடக்கம் வரைக்கும், அவர்கள் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கிற காலம். மழைக்காலத்தில் அது 5.30 ஆகிவிடும். லொஸ் ஏஞ்சல்ஸ் இரவு ஆட்டம் காலை 7.30, சமையலுக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவும் நடுவில் அது ஒத்துவராது. 2024, 2025 இரண்டிலும் கம்பஸ் இறுதிப் போட்டி அவர்களின் பின்னேரம் 3 மணிக்கு நடந்தது, எங்களுக்கு நள்ளிரவு 12.30.

இது நல்லதுக்குத்தான். இரவு டேட்டா தனியாகத் தருகிற பக்கேஜ் உங்களிடம் இருந்தால் பெரும்பாலான ஆட்டம் அதற்குள் விழும், எந்த மணியோடு இரவு டேட்டா முடிகிறது என்று மட்டும் பார்த்து வைத்திருங்கள், நான் பார்க்காமல் ஒரு மாத டேட்டாவைக் கடைசிப் பகுதியில் விட்டிருக்கிறேன். லீக்குக்கு லீக் பாஸ் என்று காசு கட்டுகிற வழி இருக்கிறது. கம்பஸை நேரடியாகப் பார்ப்பது இங்கிருந்து கஷ்டம், யூடியூப்பில் வரும் பத்து நிமிடச் சுருக்கம் காணும். சுருக்கம் பார்க்கும்வரைக்கும் குடும்பக் குழுவைத் திறக்கவேண்டாம், மச்சாளின் தம்பிக்கு முடிவைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

அணியை விடுங்கள், ஆளைப் பிடியுங்கள்

நான் சொல்லவந்ததே இதுதான். எங்களுக்கு அயோவாவும் ஊர் இல்லை, டல்லஸும் ஊர் இல்லை. அங்கே இருக்கிறவர்களுக்குப் பிறந்தவுடனே அணி தலையில் விழுந்துவிடுகிறது, எங்களுக்கு விழவில்லை. அப்படியானால் ஏன் அவர்களின் சண்டையை நாங்கள் பிடிக்கவேண்டும்? கம்பஸில் கடைசி வருடம் படிக்கிற ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுங்கள், அவள் எங்கே போனாலும் பின்னால் போங்கள்.

ஜனவரியில் தேடத் தொடங்கலாம். பெயர்போன கம்பஸ்கள் நான்கைந்தைச் சுற்றிப் பார்த்தால் போதும்: கனெக்டிக்கட், தென் கரோலினா, எல்.எஸ்.யு, டெக்சாஸ், யு.சி.எல்.ஏ. புள்ளி கூட எடுக்கிறவளைத்தான் எடுக்கவேண்டும் என்றில்லை. மார்ச்சில் 68 அணிகளின் தொடர் வரும், தோற்றால் அன்றோடு வீடு. அங்கே எல்லோரும் முடிவுகளை முன்கூட்டியே தாளில் நிரப்பிப் பந்தயம் பிடிப்பார்கள், நீங்களும் நிரப்பிப் பாருங்கள், ஆனால் பெண்கள் தொடரில் பெரிய அணிகளை நம்பி நிரப்புங்கள், முதல் 16 அணிகளுக்கும் முதல் இரண்டு சுற்றும் சொந்த ஊரில் என்பதால் அதிர்ச்சி குறைவு. அதற்காக இல்லவே இல்லை என்றில்லை. 1998 இல் தன் பிரிவின் 16 அணிகளில் கடைசி இடத்தில் வைக்கப்பட்ட ஹாவார்ட், அதே பிரிவின் முதலாம் இடத்து ஸ்ரான்போர்டை அவர்களின் ஊரிலேயே 71–67 என்று அனுப்பி வைத்தது. ஆண்கள் தொடரில் அப்படி ஒன்று நடக்க இன்னும் 20 வருடம் எடுத்தது.

இறுதிப் போட்டி முடிந்து ஒரு கிழமையில், எங்கள் புத்தாண்டை ஒட்டி, லீக் அணிகள் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் நாள் வரும். 2025 இல் அது ஏப்ரல் 14, எங்களுக்குக் கைவிசேஷம் வாங்கின மறுநாள் விடிய. நான் பிடித்த ஆள் கனெக்டிக்கட்டின் பேஜ் பெக்கர்ஸ். ஏப்ரல் 6 ஆம் திகதி கனெக்டிக்கட் தென் கரோலினாவை 82–59 என்று அடித்து அந்தக் கம்பஸுக்கு 12 ஆவது கிண்ணம், எட்டு நாளில் டல்லஸ் விங்ஸ் அவளை முதலாவதாக எடுத்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் இரண்டு வகை ரசிகரின் மனமும் விளங்கும். கனெக்டிக்கட் அந்தப் பருவத்தில் தோற்றது 3 ஆட்டம். டல்லஸ் அவளின் முதல் பருவத்தில் 44 ஆட்டத்தில் தோற்றது 34. கம்பஸ் ரசிகர்கள் பாதிப் பேர் ஜூனிலேயே "இந்த லீக் பிள்ளையைப் பாழாக்குகிறது" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். இருந்தவர்கள் ஓகஸ்டில் அவள் லொஸ் ஏஞ்சல்ஸுக்கு எதிராக 44 புள்ளி எடுத்ததைப் பார்த்தார்கள், லீக்கில் ஒரு முதல் வருடப் பிள்ளை ஓர் ஆட்டத்தில் அதற்கு மேல் எடுத்ததில்லை. அந்த ஆட்டத்திலும் டல்லஸ் தோற்றது! தோற்கிற அணியைப் பார்க்கப் பழகுவதுதான் லீக் ரசிகராவதில் கஷ்டமான பகுதி. மாகாணமட்டத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்த எனக்கு அது பெரிய பாடாக இருக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை. 2025 இல் 13 அணி, அணிக்கு ஆகக்கூட 12 பேர், மொத்தம் 156 கதிரைதான் இருந்தது. அந்த ஆண்டு 38 பேரைத் தெரிவு செய்தார்கள், அந்தக் கதிரைகளில் ஏற்கனவே ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் மூன்றாம் சுற்றில் எடுத்த பிள்ளைகளில் பலரை ஆட்டம் தொடங்கமுதலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் பிள்ளைக்கு அப்படி நடந்தால் அவள் துருக்கிக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ விளையாடப் போவாள், அங்கேயும் பின்னால் போகலாம், ஆனால் நேரக் கணக்கை முதலில் இருந்து போடவேண்டும்.

சண்டை வந்தால்

"கம்பஸில் விருப்பத்துக்கு விளையாடுகிறார்கள், லீக்கில் காசுக்கு." இதைத்தான் அதிகம் கேட்பீர்கள். தென் கரோலினாவின் பயிற்றுநர் டோன் ஸ்டேலிக்கு 2025 இல் போட்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்குச் சுமார் 40 இலட்சம் டொலர். அதே ஆண்டில் லீக்கில் ஒரு வீராங்கனைக்குக் கொடுக்கக்கூடிய ஆகக்கூடின சம்பளம் இரண்டரை இலட்சம் டொலருக்குள். 2021 ஜூலையில் இருந்து கம்பஸ் பிள்ளைகளும் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம், சிலருக்கு லீக்கின் முதல் வருடச் சம்பளத்தைவிட அது கூட, 2024 இல் கிளார்க்கின் முதல் வருடச் சம்பளம் 76,535 டொலர்தான். ஆகவே காசு எந்தப் பக்கம் கூட என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நான் கேட்டேன், தம்பி ஒரு நாள் முழுக்கக் குழுவுக்கு வரவில்லை.

லீக் ரசிகர்களிடமும் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது, மச்சாள் கோபித்தாலும் சொல்வேன். கம்பஸில் இருந்து ஒரு பிள்ளையோடு வருகிற புது ரசிகரை வாசலிலேயே நிறுத்திப் பரீட்சை வைப்பார்கள், லீக்கின் புள்ளிச் சாதனைக்காரி டயானா டராசி எத்தனை புள்ளி, லிபர்ட்டி எத்தனை இறுதிப் போட்டியில் தோற்றது என்று. கிளார்க் வர முதல் 2023 இல் இந்தியானா பீவரின் சொந்த மைதானத்துக்குச் சராசரியாக 4,000 பேர் வந்தார்கள், 2024 இல் 17,000 தாண்டியது. வொஷிங்டனில் அவள் விளையாடப் போனபோது ஆட்டத்தைப் பெரிய அரங்குக்கு மாற்றி 20,711 பேர் வந்தார்கள், அன்றைய நிலையில் லீக்கின் வழமையான ஆட்டமொன்றுக்கு வந்த ஆகக்கூடின கூட்டம். வந்தவர்களைத் துரத்தி என்ன பயன்? அதேவேளை, வந்தவர்களில் சிலர் தங்கள் பிள்ளையைத் தொட்ட ஒவ்வொரு கறுப்பினப் பெண்ணையும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள், அது ரசனை இல்லை, அழுக்கு. அந்தக் கருத்துப் பகுதிகளுக்குள் போகாதீர்கள், வலைப்பந்துப் பிள்ளைகளின் பாவாடை நீளத்தைப் பற்றிக் கதைக்கிற எங்கள் ஊர் ஆட்களைப் பார்த்தது காணாதா?

எங்களைப் பற்றியும் ஒன்று. யாழ்ப்பாணத்து ஈவினையில் இருந்து வந்த வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் என்றால் வடக்கில் தெரியாத ஆள் இல்லை. 2.08 மீற்றர் உயரம், 2018 இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது எல்லோரும் படத்தைப் பகிர்ந்தோம். அவர் அவுஸ்திரேலியாவில் கழக அணிக்கும் விளையாடியிருக்கிறார். அந்த ஆட்டங்களை எங்களில் எத்தனை பேர் தேடிப் பார்த்தோம்? நான் பார்க்கவில்லை. நாட்டுச் சட்டையில் நின்றால் எங்கள் பிள்ளை, கழகச் சட்டையில் நின்றால் யாரோ. அயோவாக்காரனைச் சிரிக்கமுதல் இதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வலயத்தில் கோல் சூட்டராக நின்ற பிள்ளைகள் ஏ.எல் முடிந்த அடுத்த நாள் பந்தை வைத்துவிடுகிறார்கள், கொழும்பில் வங்கி அணியோ படை அணியோ எடுத்தால் ஒழிய மேலே போக வழியே இல்லை, அவர்கள் எங்கே என்று நாங்களும் தேடுவதில்லை.

இப்போது விடிய நாலரைக்கு நான் தனியாகப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூட அணியில் கோல் அட்டாக், ரியூசனுக்குப் போகமுதல் தேத்தண்ணிக்கு வந்து குந்துவாள். அவளுக்குக் கம்பஸும் ஒன்றுதான், லீக்கும் ஒன்றுதான், யார் வென்றது என்றுகூடக் கேட்பதில்லை. பெக்கர்ஸ் எறிந்துவிட்டுக் கையை இறக்காமல் நிற்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறாள், மணிக்கட்டு எப்படி மடிகிறது என்று பார்க்கவாம். அதற்கு ஆகக் குறைந்த தரத்தில் வைத்துப் பார்த்தால் தெரியாது, 480p தரத்துக்கு ஏற்றவேண்டும், ஆகவே டேட்டாக் கணக்கில் அதற்கும் சேர்த்துக் கூடப் போட்டுக்கொள்ளுங்கள்.